ஹாலுக்குக் குடிவந்த இன்ஜின்

குன்னூருக்குக் கீழே பர்லியார் இறக்கத்தில் இரண்டாவது கியரில் இறங்கி, வளைவு முடிந்ததும் ஆக்சிலேட்டரை மிதித்தால் போதும், எங்கள் மாருதி 800 நீலப் புகையைக் குப்பென்று கக்கும். பின்னால் வரும் பஸ் டிரைவர் பகலிலேயே ஹெட்லைட்டைப் போடுவார். மலையில் பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தெரிந்த வியாதிதான் இது. ஆக்சிலேட்டரில் கால் வைக்காமல் இன்ஜின் பிடியிலேயே இறங்கும்போது சிலிண்டருக்குள் காற்றழுத்தம் ரொம்பக் குறைந்துவிடும். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் தேய்ந்த ரிங் வழியாகவும் காய்ந்துபோன வால்வு சீல் வழியாகவும் ஆயிலை உள்ளே உறிஞ்சிக்கொள்ளும். மறுபடி மிதித்ததும் அத்தனையும் சேர்ந்து எரியும்.

பட்டறையில் இன்ஜின் வேலைக்குச் சொன்ன தொகைக்கு இதேபோல இன்னொரு வண்டியே வாங்கிவிடலாம். 1997 மாடல், டிஎன் 43 நம்பர், அப்பா வாங்கிய வண்டி. விற்றால் அம்மா என்னோடு பேசமாட்டார். சரி, நாமே பிரித்துப் பார்ப்போம் என்று முடிவு செய்தேன். 796 சிசி, மூன்றே சிலிண்டர், மொத்தம் ஆறு வால்வு, ஒரு கார்புரேட்டர். கம்ப்யூட்டர் கிம்ப்யூட்டர் எதுவும் கிடையாது. முதல்முறை கை வைக்கிறவனுக்கு இதைவிட நல்ல இன்ஜின் நம் ரோட்டில் ஓடியதில்லை என்பது என் கட்சி.

எதிர்வீட்டு மாமா குன்னூர் லோகோ ஷெட்டில் ஃபிட்டராக இருந்து ரிட்டயர் ஆனவர். மலை ரயிலை இழுக்கும் எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின்தான் அவருக்கு இன்ஜின். அதற்கு நான்கு சிலிண்டர். இரண்டு சாதாரணச் சக்கரத்தை உருட்டும், இரண்டு தண்டவாள நடுவில் இருக்கும் பல்சட்டத்தில் பதியும் பல்சக்கரத்தை. ஏற்றத்தில் முதல் இரண்டில் வேலை முடித்த நீராவியே அடுத்த இரண்டுக்கும் போய்த் தள்ளும். “நாலு பாத்தவனுக்கு மூணு எம்மாத்திரம் தம்பி” என்றபடி கம்பளித் தொப்பியோடு வந்துவிட்டார். பெட்ரோல் இன்ஜினைப் பற்றி அவருக்கு ஒரே ஒரு மனக்குறைதான். “நெருப்ப வெளிய வெக்கோணும். உள்ள வெச்சா இப்படித்தான் ஆகும்.”

தைலமரக் கம்பு மூன்றை முக்காலியாகக் கட்டி, செயின் புளாக் மாட்டி இன்ஜினை வெளியே தூக்கினோம். தூக்குவதற்கு இரண்டு பேர் போதும். ஆனால் குன்னூரில் எங்கள் ஓட்டுப்பட்டறைச் சரிவில் ஒரு வீட்டு வாசலில் முக்காலி நட்டால் மேல் வரிசை வீடு, கீழ் வரிசை வீடு எல்லாவற்றுக்கும் அது மேடை. கிணறு வெட்டப்போகிறோமா என்று கேட்டவர்கூட உண்டு.

வாசலிலேயே தார்ப்பாய் கட்டி வேலை பார்ப்பதாகத்தான் திட்டம். பக்கத்து வீட்டு அக்கா அன்று மாலையே வந்து, “ஏனுங்க தம்பி, ஆயிலெல்லாம் வெளிய வெச்சிருக்கீங்க, கரடி வராதா?” என்றார். சமவெளிக்காரர்களுக்கு இது ஜோக்காகத் தெரியலாம். எங்கள் பக்கம் கரடி கோயில் கதவை உடைத்து விளக்குக்கு வைத்த எண்ணெயைக் குடித்துவிட்டுப் போகும், பள்ளிக்கூடச் சமையலறையில் புகுந்து சமையல் எண்ணெயைக் காலி செய்யும். இன்ஜின் ஆயிலும் அதற்குப் பிடிக்குமா என்று சோதித்துப் பார்க்க யாருக்கும் துணிவில்லை. கரடி வந்ததோ இல்லையோ, மறுநாள் விடியற்காலையில் காட்டெருமை ஒன்று வந்து முக்காலிக்கு அடியில் நின்று மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. அது போகும்வரை பால் வாங்கக்கூட யாரும் வெளியே வரவில்லை. அன்றைக்கே இன்ஜின் ஹாலுக்குக் குடிவந்தது.

இங்கேதான் என் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையில் ஸ்டோர்ஸ் பார்க்கிறவர். ஹாலில் கறுப்பு எண்ணெய் சொட்டுவதைப் பார்த்துக் கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. ஒரு நீளமான ரிஜிஸ்டரை எடுத்துக் கோடு போட்டார். எந்தப் பாகம், எங்கிருந்து கழற்றியது, எத்தனை போல்ட், எந்த டப்பா. பிஸ்டனைக் கீழே தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடின் மூடிகள் ஒன்றுக்கொன்று மாறவே கூடாது, ஒவ்வொன்றும் அதனதன் ராடோடு சேர்த்துக் கடைந்தது என்று நான் சொல்லப்போனால், அது ஏற்கெனவே சிவப்பு மையில் எழுதப்பட்டிருக்கிறது. அப்புறம்தான் தெரிந்தது, என் வீட்டில் ஒரு பத்தாம் நம்பர் போல்ட்டை எடுக்க நான் கையெழுத்துப் போட வேண்டும் என்பது.

உண்மையைச் சொன்னால், இன்ஜின் வேலையில் முக்கால்வாசி சுத்தம் செய்வதுதான். மண்ணெண்ணெய், பிரஷ், பழைய துணி. பிஸ்டன் தலையில் உறைந்த கரியைச் சுரண்டுவது, பழைய கேஸ்கெட்டை, சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டில் கீறல் விழாமல் பிளேடால் வழிப்பது. ஹெட் அலுமினியம், கொஞ்சம் அழுத்தினாலும் பள்ளம் விழுந்துவிடும். இதையெல்லாம் வீடியோவில் நிமிடத்தில் ஓட்டிவிடுகிறார்கள்.

வால்வு கசியாமல் பொருந்தும்படி தேய்க்கும் லேப்பிங் அம்மாவின் துறையானது. வால்வு முகத்தில் தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, ரப்பர் கப் வைத்த குச்சியை ஒட்டி, இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் முன்னும் பின்னும் உருட்ட வேண்டும். நான் செய்வதைக் கொஞ்ச நேரம் பார்த்தவர், “மோர் கடையறதுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா” என்று குச்சியை வாங்கிக்கொண்டார். ஸ்வெட்டரோடு சோபாவில் உட்கார்ந்து, சீரியல் பார்த்துக்கொண்டே உருட்டினார். வில்லி வரும் காட்சியில் வேகம் கூடியது. முடித்தபின் ஹெட்டைக் கவிழ்த்து, வால்வுகளுக்கு மேல் மண்ணெண்ணெய் ஊற்றி வைத்தோம். ஆறில் ஒன்றில்கூட ஒரு சொட்டு கசியவில்லை. மாமா எழுந்து நின்று, “ஷெட்ல இருந்திருந்தா உங்களுக்கு இன்கிரிமென்ட்டுங்க அக்கா” என்றார்.

சிலிண்டரின் உட்சுவரைக் கடையும் ‘போர்’ வேலை மட்டும் வீட்டில் நடக்காது. சிலிண்டர் மேலே ஒரு அளவும் கீழே ஒரு அளவுமாகத் தேய்ந்திருந்தது. சிலிண்டர்கள் இருக்கும் பிளாக்கைக் கோயம்புத்தூர் லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் ஏற்றிப்போகும் பிக்கப்பில் மூட்டைகளுக்கு நடுவே அது பயணம் போனது. பட்டறைக்காரர் தினமும் மரியாதையாக “நாளைக்கு வாங்க” என்றார். ஒருவழியாக அரை மில்லிமீட்டர் பெரிதாகக் கடைந்து, ஹோனிங் செய்து, அதற்கேற்ற பிஸ்டனும் ரிங்கும் சேர்த்து அனுப்பினார். ஹோனிங் செய்த சுவரில் குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் இருக்கும், அவற்றில்தான் ஆயில் தங்கும். எண்ணெய் தடவாமல் விட்டால் குன்னூர் பனிமூட்டம் ஒரே ராத்திரியில் அதில் துரு ஏற்றிவிடும். அதனால் பிளாக்குக்கு ஆயில் தடவி, பாலித்தீனில் சுற்றி, மேலே ஒரு கம்பளியும் போர்த்தியாயிற்று. கம்பளி அம்மாவின் ஏற்பாடு, அதற்குத் தொழில்நுட்பக் காரணம் எதுவும் இல்லை.

ரிங்கைப் பிஸ்டனோடு இறுக்கிப் பிடிக்கும் ரிங் கம்ப்ரசரைக் கடையில் வாங்கலாம் என்றேன். மாமா விடவில்லை. பிஸ்கட் டப்பாத் தகரத்தை வெட்டி வளைத்து, ஹோஸ் கிளிப் போட்டு இறுக்கினார். ரிங் வாய்கள் ஒரே நேர்க்கோட்டில் வராமல் சுற்றித் திருப்பிவிட்டு, பிஸ்டன் அம்பு பெல்ட் பக்கம் பார்க்க, சுத்தியல் கைப்பிடியால் மெல்லத் தட்டினால், வழுக்கிக்கொண்டு உள்ளே போனது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக, படிப்படியாக, டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினேன். ரெஞ்ச் ‘டிக்’ என்று சொன்னால் நிறுத்திவிட வேண்டும். இன்னும் கொஞ்சம் இறுக்கச் சொல்லி மாமா வற்புறுத்தினார். ரயில்வே பழக்கம்.

தெருவில் போகிற ஒவ்வொருவரும் எட்டிப்பார்த்து ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: “நட்டு போல்ட்டு எத்தன மிச்சம்?” எதுவும் மிச்சமில்லை என்று மனைவி ரிஜிஸ்டரை விரித்துக் காட்டினார். யாரும் நம்பவில்லை, சிலருக்கு முகமே வாடிவிட்டது.

வண்டியில் ஏற்றியதும் ஸ்டார்ட் ஆனது. ஆனால் சிலிண்டருக்குள் காற்று எவ்வளவு நசுங்குகிறது என்று காட்டும் கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்தால் மூன்று சிலிண்டரிலும் மேனுவல் சொல்லும் அளவைவிடக் குறைவு. கோயம்புத்தூரில் இருக்கும் சித்தப்பா பையன் ஃபோனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டான்: “அண்ணா, ரிங் சரியா உக்காரல, மறுபடி பிரிங்க.” ஹாலில் பெரிய அமைதி. அம்மாதான் ஆரம்பித்தார்: “அவன் வீட்டுல மூணு விசில்ல வேகற பருப்பு இங்க அஞ்சு விசில் கேக்குது. அவனுக்கு என்ன தெரியும்?”

மாமா தொடையில் தட்டினார். விஷயம் அதேதான். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் 94 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். சிலிண்டர் உள்ளே இழுக்கும் காற்றே மெலிந்தது என்றால், அதை நசுக்கினால் கேஜில் எப்படிக் கூடுதலாகக் காட்டும்? பார்க்க வேண்டியது மூன்று சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருங்கி வருகிறதா என்பதை. வந்தது. அடுத்த நாள் மேட்டுப்பாளையத்துக்கு ஓட்டிப்போய் அங்கே மறுபடி வைத்துப் பார்த்தோம். முள் மேலே ஏறி நின்றது. சித்தப்பா பையனுக்கு ஃபோட்டோ அனுப்பினேன். கட்டைவிரலைக் காட்டினான், அவ்வளவுதான்.

திரும்பி வரும்போது பதினான்கு கொண்டை ஊசி வளைவிலும் மாமா பின்கண்ணாடி வழியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். புகை இல்லை. அவருக்கு அது கொஞ்சம் ஏமாற்றம்தான். புகையே வராததை இன்ஜின் என்று ஒத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

புகார் வந்தது பக்கத்து வீட்டு அக்காவிடமிருந்து. முன்பெல்லாம் எங்கள் வண்டி கீழ் வளைவில் இருமிக்கொண்டு ஏறும் சத்தம் கேட்டதும் அவர் ராத்திரிச் சோற்றுக்கு உலை வைப்பாராம். இப்போது வண்டி வருவதே தெரியவில்லையாம். வளைவில் ஒரு ஹாரன் அடித்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறார். அடித்துக்கொண்டிருக்கிறேன்.