ஆடிக் காற்றும் ஒரு தீர்மானமும்

ஆகஸ்ட் 3, 2025 – ஞாயிறு, ஆடிப் பதினெட்டு

அமராவதிக்குப் போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது ஸ்கூட்டியை நேராக ஓட்ட முடியவில்லை. காற்று அப்படித் தள்ளியது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் இந்தக் காற்றை நம்பித்தான் உடுமலை, தாராபுரம், பல்லடம் பக்கமெல்லாம் காத்தாடி, அதாவது காற்றாலை, நட்டார்கள்.

எங்கள் கட்டுத்தரைக்கு மேற்கே ஒன்று நிற்கிறது. சாயங்காலமானால் அதன் றெக்கை நிழல் வாசலைத் தாண்டி, தண்ணித் தொட்டியில் ஏறி, எருமையின் முதுகில் விழுந்து போகும். வாங்கி வந்த புதிதில் எருமை மிரண்டு கயிற்றை அறுத்தது. இப்போது அசைபோட்டபடி நிற்கிறது. அந்த இடம் எங்கள் அப்பாருவின் மேட்டுக்காடு. புரோக்கர் வந்து பேசினார், விற்றோம். யாரும் ஏமாற்றவில்லை, அன்றைய விலை கொடுத்தார்கள். ஆனால் ஆத்தா இன்றும் சொல்வாள்: "காட்டுக்குத்தான் காசு குடுத்தாங்க கண்ணு. காத்துக்கு ஆரு குடுத்தா?"

அந்தக் காத்தாடிக்குக் கீழே உள்ள வீதியில் மூன்று தெருவிளக்கு எரியவில்லை. இன்று இரவு டார்ச் அடித்துத்தான் வீட்டுக்கு வந்தேன்.

ஆகஸ்ட் 5

மகள் அனுப்பிய கட்டுரையை இரண்டு முறை படித்தேன். டென்மார்க்கில் சாம்ஸோ என்று ஒரு தீவு. 114 சதுர கிலோமீட்டர், மக்கள் நான்காயிரத்துக்கும் கீழே. கிட்டத்தட்ட எங்கள் ஊராட்சியில் உள்ள தலைகள். உருளைக்கிழங்கும் கால்நடையுமாகப் பிழைக்கிற ஊர். 1997-ல் அந்நாட்டு அரசு நடத்திய போட்டியில், புதுப்பிக்கத்தக்க ஆற்றலுக்கே மாறும் தீவாக அதைத் தேர்ந்தெடுத்தார்கள்.

2000-ல் நிலத்தில் 11 காற்றாலை, ஒவ்வொன்றும் ஒரு மெகாவாட். 2003-ல் கடலுக்குள் இன்னும் 10, அவை ஒவ்வொன்றும் 2.3 மெகாவாட். வைக்கோலை எரித்துக் கொதிக்கவைத்த தண்ணீரைக் குழாயில் அனுப்பி வீடுகளைச் சூடாக்குகிறார்கள். எல்லாம் சரி. என்னைப் பிடித்து நிறுத்தியது யாருக்கு எத்தனை என்கிற கணக்கு. நிலத்துக் காற்றாலைகளில் ஒன்பது அந்த ஊர் விவசாயிகளுடையவை. மீதி இரண்டில் ஊர்க்காரர்கள் பங்கு வாங்கியிருக்கிறார்கள். கடலில் நிற்கும் பத்தில் ஐந்து அவர்களுடைய நகராட்சிக்கே சொந்தம். அந்த வருமானத்தை மறுபடி எரிசக்தி வேலைகளுக்கே செலவழிக்க வேண்டும் என்று விதி.

இதற்காக ஊர் ஊராகக் கூட்டம் போட்டுப் பேசியவர் சோரன் ஹெர்மன்சன். அதே தீவில் விவசாயக் குடும்பத்தில் பிறந்து வாத்தியார் வேலை பார்த்தவர். தன் பணத்தில் சுற்றுகிற காத்தாடியின் சத்தம் காதில் உறுத்தாது என்பது அங்கே எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எனக்கு இருபது வருஷமாக அது உறுத்திக்கொண்டுதான் இருக்கிறது.

ஆகஸ்ட் 9

தோட்டத்து மாமாவிடம் சொன்னேன். காத்தாடியில் நம் ஊருக்கும் பங்கு வேண்டும் என்று கிராம சபையில் கேட்கப் போகிறேன் என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டார்.

"அதெல்லாம் பணக்கார நாட்டுக் கதைங் அம்மிணி. இங்க பைப்பு ஒடஞ்சா மாத்தக் காசில்லைங்கறாங்க."

"ஓடந்துறை எந்த நாட்டுலீங்க மாமா இருக்குது?"

மேட்டுப்பாளையம் பக்கத்து ஓடந்துறை. சண்முகம் தலைவராக இருந்த காலத்தில், குடிதண்ணீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டுகிற கரண்டு பில் ஊராட்சியைத் தின்றுகொண்டிருந்தது. 2006-ல் ஊராட்சி தன் சேமிப்பைப் போட்டு, மீதிக்கு வங்கிக் கடன் வாங்கி, 1.55 கோடி ரூபாயில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கியது. அதை நட்டது அவர்கள் ஊரில்கூட இல்லை, நம் உடுமலைப் பக்கம் மைவாடியில்! தங்கள் தேவை போக மிஞ்சிய கரண்டை மின்வாரியத்துக்கு விற்றார்கள். நம் காற்றை நம்பி மேட்டுப்பாளையத்து ஊராட்சி ஒன்று துணிந்திருக்கிறது. நாம் நிழலை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம்.

மாமா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், "அங்க தலைவர்னு ஒருத்தர் இருந்தாருங். இங்க இப்ப ஆரு இருக்கா?" என்றார்.

அதற்கு என்னிடம் உடனே பதில் வரவில்லை. ஜனவரி 5-ஆம் தேதியோடு எங்கள் பதவிக்காலம் முடிந்துவிட்டது. ஐந்து வருஷம் வார்டு உறுப்பினராக இருந்த நானும் இப்போது வெறும் வாக்காளர். தேர்தல் நடக்கவில்லை, தனி அலுவலர்தான் நிர்வாகம். ஆனால் கிராம சபை கலையவில்லை. வாக்காளர் பட்டியலில் பேர் இருக்கிற ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். வீட்டுக்கு வந்த பிறகுதான் இதை மாமாவிடம் சொல்லியிருக்க வேண்டும் என்று தோன்றியது.

ஆகஸ்ட் 13

என்ன கேட்பது என்பதை ஒரே வரியில் எழுதப் பார்த்து நான்கு தாள் கிழித்தேன். ஓடந்துறை மாதிரி தனியாக வாங்க இன்று முடியாது. இப்போது வருகிற எந்திரம் இரண்டு, மூன்று மெகாவாட், அந்த விலைக்கு நம் ஊராட்சி தாங்காது. ஆனால் ஒரு வாய்ப்பு இருக்கிறது. 20 வருஷம் தாண்டிய பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கவும் மாற்றவும் 2024-ல் தமிழ்நாடு அரசு கொள்கை கொண்டுவந்திருக்கிறது. எங்கள் எல்லையில் நிற்பவற்றில் பலவற்றுக்கு அந்த வயசு வந்துவிட்டது. பழசைக் கழற்றிப் புதுசு நடும்போது ஊராட்சிக்கும் ஊர்க்காரர்களுக்கும் பங்கு வாங்க முதல் வாய்ப்பு வேண்டும். இலவசமாக இல்லை, காசு போட்டு. இவ்வளவுதான் கேட்கப் போகிறேன்.

ஆகஸ்ட் 15

எங்கள் ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் சபை செல்லும். நூறு நாள் வேலைக்குப் போகிற அக்காமார்களை நேற்றே வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டிருந்தேன். பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி பத்தவில்லை, பாதிப்பேர் தரையில் உட்கார்ந்தார்கள்.

வரவு செலவு வாசித்தார்கள், குப்பை வண்டி பற்றிப் பேச்சு வந்தது. என் முறை வந்தபோது மைக் கரகரத்தது, வைத்துவிட்டுச் சத்தமாகவே பேசினேன். பின்வரிசையில் இருந்த ஒரு பையன், "பங்குன்னா எவ்வளவுங்க போடோணும்?" என்று கேட்டான். அந்த ஒரு கேள்விக்காகவே இத்தனை நாள் அலைந்தது தகும். எவ்வளவு என்று இப்போது சொல்ல முடியாது, முதலில் உரிமையைக் கேட்போம் என்றேன்.

செயலர் தீர்மான நோட்டில் எழுதியதை எட்டிப் பார்த்தேன். "பரிசீலிக்கலாம் என விவாதிக்கப்பட்டது" என்று இருந்தது. "விவாதிக்க மட்டும் இல்லீங்க, சபை கேக்குது. 'கோருகிறது'ன்னு எழுதுங்க" என்றேன். அவர் தனி அலுவலரின் முகத்தைப் பார்த்தார். அதற்குள் தோட்டத்து மாமா எழுந்துவிட்டார். "அம்மிணி சொல்றபடி எழுதுங் தம்பி. கையெழுத்துப் போடறது நாங்கதானுங்களே."

நீல மையில் அந்த வரியை அடித்துவிட்டு மேலே "கோருகிறது" என்று எழுதினார். அடித்த இடத்தில் சின்னதாகக் கையெழுத்தும் போட்டார். ஆத்தா கைநாட்டு வைத்தாள். விரலில் ஒட்டிய மையை வேப்பமரத்தில் தேய்த்துக்கொண்டே நடந்தாள்.

ஆகஸ்ட் 21

தீர்மான நகல் கேட்டுப் போனேன். கம்ப்யூட்டரில் ஏற்றிய படியில் மறுபடி "பரிசீலிக்கலாம்" என்று இருக்கிறது. நோட்டை எடுக்கச் சொல்லி, அடித்துத் திருத்திய வரியைக் காட்டினேன். தட்டச்சுப் பிழை, திங்கட்கிழமை சரிசெய்து தருகிறோம் என்றார்கள். அந்தப் பக்கத்தைப் போனில் படம் எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். திங்கட்கிழமை மாமாவும் வருகிறார். நகல் கைக்கு வந்ததும் அங்கிருந்தே நேராக ஒன்றிய அலுவலகம்.