தத்துவத் துறையில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்த அனுபவம்

பிஎச்.டி. முடித்த கையோடு ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தின் தத்துவத் துறையில் கெஸ்ட் லெக்சரராகச் சேர்ந்தேன். தமிழ்நாட்டில் தத்துவத்துக்கென்று இருக்கிற துறைகளே கொஞ்சம். நிரந்தர இடத்துக்கு விளம்பரம் வருவதோ அத்தி பூத்தாற்போல. அதனால் எங்கள் ஆட்கள் பலருக்கும் முதல் வாசல் இதுதான்.

தகுதி விஷயம் எல்லோருக்கும் தெரிந்ததே: முதுகலையில் 55 சதவீதம், கூடவே நெட், செட் என்ற தேசிய, மாநில விரிவுரையாளர் தகுதித் தேர்வுகள், பிஎச்.டி. ஆகியவற்றில் ஒன்று. சான்றிதழ் சரிபார்ப்பு ஒரு காலைப் பொழுதை விழுங்கியது. அதில் சொல்ல வேறொன்றும் இல்லை.

நேர்காணலில் முதலில் பத்து நிமிடம் பாடம் நடத்தச் சொன்னார்கள். தலைப்பு, அனுமானம்; அதாவது கண்ட ஒன்றிலிருந்து காணாத ஒன்றை அறிவது. அரிஸ்டாட்டிலைத் தொடாமல் மணிமேகலையின் 29ஆம் காதையிலிருந்து தொடங்கினேன். அங்கே பௌத்தத் துறவி அறவண அடிகள் சொல்லும் பக்கம் (நிறுவ வேண்டிய கூற்று), ஏது (காரணம்), திட்டாந்தம் (எடுத்துக்காட்டு), உபநயம் (அதைப் பொருத்திக் காட்டுவது), நிகமனம் (முடிவு) என்ற ஐந்து உறுப்புகளையும் பலகையில் எழுதி, 'இம்மலை நெருப்புடையது, புகையுடையது ஆதலால், அடுக்களைபோல்' என்று விளக்கிக்கொண்டு போனேன். வெளியிலிருந்து வந்திருந்த நிபுணர் குறுக்கிட்டார். "மூன்று உறுப்பு போதாதா? ஐந்து எதற்கு?" தனக்குத்தானே தெளிய அவ்வளவு வேண்டாம், எதிரில் இருப்பவரை ஒப்புக்கொள்ள வைக்கத்தான் ஐந்தும் என்று நியாயம் என்ற இந்தியத் தருக்க மரபின் பதிலைச் சொன்னேன். விடவில்லை. "சரி, நெருப்பைப் பார்த்துப் புகையை அனுமானிக்கலாமா?" பழுக்கக் காய்ச்சிய இரும்பில் நெருப்பு உண்டு, புகை இல்லையே என்றேன். நல்லவேளை, அந்த உதாரணம் சமயத்துக்கு நினைவு வந்தது. அதன்பின் மற்றவர்கள் கேட்டதெல்லாம் சம்பிரதாயக் கேள்விகள்.

ஆணை கைக்கு வந்ததும் அதை வரிவரியாகப் படியுங்கள். 'முற்றிலும் தற்காலிகம், பணி நிரந்தரம் கோர உரிமையில்லை' என்ற வரி எல்லோருக்கும் வரும், அதற்குக் கலங்க வேண்டாம். பார்க்க வேண்டியது மதிப்பூதியக் கணக்கு. 2019இல் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) சொன்னது ஒரு வகுப்புக்கு 1,500 ரூபாய், மாதத்துக்கு அதிகபட்சம் 50,000. எல்லா இடத்திலும் அது கிடைப்பதில்லை. வகுப்புக் கணக்கில் ஊதியம் என்றால் கால அட்டவணைதான் உங்கள் சம்பளம். எனக்கு முதலில் கொடுத்த அட்டவணையில் இரண்டு பாடங்கள், வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான். துறைத்தலைவரிடம் போய், "ஐயா, குறியீட்டுத் தருக்கத்தையும் நானே எடுக்கட்டுமா?" என்று கேட்டேன். வாதங்களைக் கணிதம்போல் குறியீடுகளில் எழுதிச் சோதிக்கும் பாடம், யாரும் சீண்டாத தாள் அது. சந்தோஷமாகத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புதிதாகச் சேர்பவர்களுக்கு என் ஒரே யோசனை இதுதான்: பணியேற்பு அறிக்கையில் கையெழுத்துப் போடும் அன்றே அட்டவணையைப் பேசி முடியுங்கள். ஒரு வாரம் விட்டால் நல்ல பாடங்கள் எல்லாம் போயிருக்கும்.

வகுப்பு எனக்குப் பிடித்துப்போனது. பி.ஏ.வில் தத்துவம் படித்தவர்கள் அதில் சொற்பம். குடிமைப் பணித் தேர்வுக்குத் தத்துவத்தை விருப்பப் பாடமாக எடுத்தவர்கள் முன்வரிசையில் இருப்பார்கள். அவர்களுக்கு 500 மதிப்பெண் அதில் இருக்கிறது, அதனால் விடை எழுதும் முறையைத்தான் கேட்பார்கள். பின்வரிசையில் பணி ஓய்வு பெற்ற ஒருவர், சிவஞானபோதம் எழுதிய மெய்கண்டாரைக் கரைத்துக் குடித்தவர். சைவ சித்தாந்த வகுப்பில் அவர் தலையாட்டினால்தான் எனக்கு நிம்மதி.

பணம் மட்டும் மாதாமாதம் வராது. நடத்திய வகுப்புகளைத் தேதி, மணி போட்டு எழுதி, துறைத்தலைவர் கையெழுத்துடன் நிதிப் பிரிவுக்கு அனுப்ப வேண்டும். அங்கே ஏதாவது ஒரு குறை சொல்லித் திருப்பினால் அடுத்த மாதக் கணக்கோடுதான் போகும். நகல் ஒன்று எப்போதும் கையில் இருக்கட்டும். அனுபவச் சான்றிதழையும் ஒவ்வொரு பருவ முடிவிலும் வாங்கிவிடுங்கள். துறைத்தலைவர் மாறிவிட்டால் புதியவர் பழைய பதிவேட்டைத் தேடி எடுத்த பிறகுதான் கையெழுத்துப் போடுவார். பருவம் முடிந்தால் ஆணையும் முடிந்தது. கோடை விடுமுறைக்கு ஊதியம் கிடையாது, ஜூனில் மறுபடி விண்ணப்பம், மறுபடி நேர்காணல்.