ஒற்றைச் செருப்பு

தருமபுரி பேருந்து நிலையம். சேலம் பஸ் நிற்கிற பக்கம் மூன்று வயசுப் பாப்பா ஒன்று தேம்பிக்கொண்டு நிற்கிறது.

ஒரு காலில்தான் செருப்பு. இன்னொன்றைக் கையில் இறுக்கிப் பிடித்திருந்தாள்.

சுற்றிப் பத்துப் பேராவது இருப்போம். பார்த்தோம். யாரும் கிட்டப் போகவில்லை.

பயம்தான். 2018-ல் பக்கத்துத் திருவண்ணாமலை மாவட்டத்தில், பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்த ஒரு வயசான அம்மாவைப் பிள்ளை பிடிக்க வந்தவர் என்று அடித்தே கொன்றார்கள். வாட்ஸ்அப் வதந்தி செய்த வேலை. அதை யாரால் மறக்க முடியும்?

கடைசியில் பூ விற்கிற அக்கா எழுந்து வந்தார். குழந்தையைத் தூக்கவில்லை. பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"அழாத கண்ணு, அம்மா வந்துரும்."

அப்புறம் என்னிடம், "தம்பி, சத்தமா கூப்பிடுங்க, யார் புள்ளைன்னு."

கூப்பிட்டேன். இரண்டே நிமிஷத்தில் அம்மா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

குழந்தையை எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம். நின்ற இடத்திலேயே துணைக்கு நின்றால் போதும். யாரும் வரவில்லையா, குழந்தைகள் உதவி எண் 1098-க்கு ஒரு போன். இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள், காசு கிடையாது.

இதெல்லாம் எனக்கும் தெரியும். தெரிந்தும் அந்த அக்கா வரும்வரை கை கட்டி நின்றேனே, அதுதான் மனசை அறுக்கிறது.

அந்தச் செருப்பை மாட்டிவிட்டதும் அவர்தான்.