பழைய முகாமையாளரின் மெயிலில் 25 நாள் கிடந்த அப்ரூவல்

பழைய சோனகத் தெருவில் எங்களுக்குக் குழாய்ச் சாமான் தருகிற முதலாளி போன் எடுத்து, "தம்பி, ஒரு மாசமாகப் போகுது, காசு எங்க?" என்று கேட்டபோதுதான் எனக்கு விஷயமே தெரியும். பில் ஏற்றியாயிற்று, வேலைகளைத் தானாக நகர்த்துகிற மைக்ரோசாஃப்டின் பவர் ஆட்டோமேட்டில் அப்ரூவல் ஃப்ளோவும் (பில்லை முகாமையாளரின் அனுமதிக்கு அனுப்புகிற தொடர் படிகள்) தொடங்கியாயிற்று, ஒரு பிழைச் செய்திகூட இல்லை. அதை நம்பித்தான் கெட்டேன். அப்ரூவலுக்காகக் காத்து நிற்கிற ஃப்ளோ தோல்வியில் சேராது, 'ரன்னிங்' என்றே இருக்கும், அதனால் யாருக்கும் எச்சரிக்கை மெயில் போகாது.

சரி, ரன் ஹிஸ்டரியை, அதாவது ஃப்ளோ ஓடிய பதிவைப் பார்க்கலாம் என்றால் ஃப்ளோ எங்கள் யார் பெயரிலும் இல்லை; அமைத்துக் கொடுத்த வெளி நிறுவனத்துக்கென்று திறந்த கணக்கில் இருந்தது. போனில் கேட்டால் டிக்கெட் போடச் சொன்னார்கள், போட்ட டிக்கெட்டுக்குப் பதிலே இல்லை. அரை நாள் லீவு போட்டு, வெள்ளவத்தையில் 100ஆம் இலக்க பஸ் ஏறி, கொள்ளுப்பிட்டியில் அவர்கள் அலுவலகத்துக்கே போனேன். முகாமையாளரின் கடிதம் இல்லாமல் யாரையும் பார்க்க முடியாது என்று வாசலிலேயே திருப்பிவிட்டார்கள். ஹிஸ்டரி 28 நாள்தான் இருக்கும், அன்றைக்கு 25ஆம் நாள். வயிறு கலங்கிப்போனது.

கடைசியில் எங்கள் ஐ.டி. பகுதி அக்காதான் காப்பாற்றினார். பவர் பிளாட்ஃபார்ம் அட்மின் சென்டர் என்கிற நிர்வாகப் பக்கத்தில் என்னை அந்த ஃப்ளோவுக்கு இணை உரிமையாளராகச் சேர்த்துவிட்டார், ஐந்து நிமிட வேலை. வெளியே அலையுமுன் உங்கள் அட்மினைக் கேளுங்கள்!

திறந்தால், வேலையை விட்டுப்போன நிதி முகாமையாளரின் மெயில் முகவரியை ஃப்ளோவுக்குள்ளேயே எழுதி வைத்திருக்கிறார்கள். அதே இடத்தில் இன்னும் 11 பில். எல்லாவற்றையும் ரத்துசெய்து புதிதாக அனுப்பினோம், வெள்ளிக்கிழமை காசு போய்விட்டது.

இப்போது பதவிவாரியாக முகவரிகள் ஷேர்பாயிண்டில் (மைக்ரோசாஃப்டின் பகிர்வுத் தளம்) ஒரு பட்டியலில் இருக்கின்றன, ஆள் மாறினால் அங்கே மாற்றினால் போதும். அப்ரூவல் படியின் செட்டிங்ஸில் டைம் அவுட், அதாவது காத்திருக்கும் கெடு, 'பி3டி' (P3D) என்று போட்டிருக்கிறோம்; மூன்று நாள் என்று அர்த்தம். அதற்குள் பதில் வராவிட்டால் உதவி முகாமையாளருக்குப் போகும். ஆனால் முந்தைய படி எப்படி முடிந்தால் இது ஓட வேண்டும் என்று சொல்கிற, அடுத்த படியின் 'கான்ஃபிகர் ரன் ஆஃப்டர்' பகுதியில் 'ஹாஸ் டைம்ட் அவுட்' (கெடு தாண்டியது) என்பதை டிக் செய்ய மறக்கவே கூடாது, இல்லாவிட்டால் டைம் அவுட் ஆன இடத்திலேயே ஃப்ளோ தோற்று நின்றுவிடும். சோதிக்க மூன்று நாள் காத்திருக்கத் தேவையில்லை, 'பிடி5எம்' (PT5M) என்று போட்டால் ஐந்து நிமிடம். நேற்று அப்படிப் போட்டுவிட்டு உதவி முகாமையாளரின் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றேன். ஆறாவது நிமிடம் அவருடைய போனில் அப்ரூவல் வந்து விழுந்தது.