பந்து ஏன் மிதக்கிறது?

தி.நகர் மொட்டை மாடியில் துள்ளும் ரப்பர் பந்து; இதைக் கணினியில் அனிமேஷன் செய்யணும். நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 படம் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீஃப்ரேம் (பந்தின் இடத்தை நாமே குறித்துக் கொடுக்கும் ஃப்ரேம்) மூன்றே போதும்: 1-இல் உச்சி, 13-இல் தரை, 25-இல் மறுபடி உச்சி. இடைப்பட்டதை மென்பொருள் நிரப்பும்; அதுதான் ட்வீனிங்.

வம்பு அந்த நிரப்பலில்தான். அரை நொடியில் பந்து விழுவது சுமார் 1.2 மீட்டர். பாதி நேரத்தில், அதாவது 7-ஆம் ஃப்ரேமில், கால்வாசிதான் இறங்கியிருக்கணும்: 30 செ.மீ. லீனியர், அதாவது ஒரே சீரான வேகம் வைத்தால் 60 செ.மீ. இறங்கிவிடும், கயிறு கட்டி இறக்கியது மாதிரி இருக்கும்.

பிளெண்டர் என்ற அனிமேஷன் மென்பொருளில் இயல்பாக வரும் பெசியரும் (வளைவாக நிரப்பும் முறை) முழுசாகக் கைகொடுக்காது. உச்சியில் அழகாக வேகம் குறையும், சரி. தரையிலும் குறையுமே! பஞ்சு மெத்தையில் விழுந்த கதைதான். நகர்வை வளைவாகக் காட்டும் கிராஃப் எடிட்டரில் 13-ஆம் கீஃப்ரேமைத் தேர்ந்து, V அழுத்தி, ‘வெக்டர்’ கொடுங்கள். வளைவு அங்கே கூராக உடையணும்.

திரும்பத் திரும்ப ஓடும் லூப்பை 24-இல் முடியுங்கள். 25-உம் 1-உம் ஒரே படம். இரண்டும் ஓடினால் உச்சியில் சின்னதாக ஒரு தயக்கம் தட்டும்.

சுழற்சி தனிக் கூத்து. மெரினா ராட்டினத்தை 350 டிகிரியிலிருந்து 10-க்குக் கொண்டுபோனால் 340 டிகிரி பின்னோக்கிச் சுற்றும். 370 என்று போடுங்கள், 20 டிகிரி முன்னோக்கிப் போகும்.