களிமண்ணில் ஒரு கல்லீரல் செல்

ஜூன் 6, சனி

மகளுக்குப் பள்ளியில் விலங்கு செல் மாதிரி செய்துகொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். வழக்கமாகப் பார்க்கும் மாதிரிகளில் எனக்கு நெடுநாளாக ஒரு குறை உண்டு. எல்லா உறுப்பும் ஏறக்குறைய ஒரே அளவில், ஆளுக்கொரு மூலையில் மிதந்துகொண்டிருக்கும், புரதம் செய்யும் பொடித் துகளான ரைபோசோமே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவில் பாதி அளவுக்கு இருக்கும். அளவு பிசகாமல் ஒன்று செய்து பார்த்துவிடுவோம் என்று இருவரும் உட்கார்ந்தோம்.

விலங்கு செல் என்று பொதுவாகச் சொன்னால் போதாது, நரம்பு செல் வேறு, சிவப்பணு வேறு. கல்லீரல் செல்லைத் தேர்ந்தெடுத்தோம், கிட்டத்தட்ட 20 மைக்ரோமீட்டர் இருக்கும். 1 மைக்ரோமீட்டருக்கு 1 சென்டிமீட்டர் என்று வைத்தால் 10,000 மடங்கு, ஆக 20 செ.மீ. விட்டம். கணக்கை மனதிலேயே போட்டுவிடலாம் என்பதால் அவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது.

ஜூன் 7, ஞாயிறு

வட்டமான கிண்ணம் ஒன்றின் உள்பக்கம் காகிதம் போட்டு, தட்டையாகத் தேய்த்த மண்ணை அதில் அழுத்தினோம். காயும்போது மண் சுருங்கும், உள்ளே கட்டியான உருண்டையை வைத்து மேலே பூசினால் வெடிக்கத்தான் செய்யும். கிண்ணத்துக்குள் என்றால் சுருங்கச் சுருங்கத் தானே விலகி வந்துவிடும். மேலே ஈரத்துணி, நிழல், அவசரமில்லை.

இந்த மண் ஓடு தாங்குவதற்கு மட்டும்தான், செல் சவ்வு அல்ல. சவ்வின் தடிமன் 7, 8 நானோமீட்டர், நம் அளவுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூட வராது. ஓடு காய்ந்ததும் வெளியே மெல்லிய காகிதம் ஒன்றை ஒட்டிவிடலாம், அதுவே கொஞ்சம் தடிமன்தான்.

ஜூன் 9, செவ்வாய்

இன்று உட்கருவும், புரதமும் கொழுப்பும் உருவாகும் சவ்வு மடிப்புகளான எண்டோபிளாச வலையும். உட்கருவை 8 செ.மீ. அளவில், உள்ளே குடைந்து, ஒரு பக்கம் வெட்டித் திறந்த உருண்டையாகச் செய்து, ரைபோசோம்கள் உருவாகத் தொடங்கும் சிறு உருண்டையான நியூக்ளியோலஸை உள்ளே வைத்தோம். உட்கரு உறையில் துளைகள் உண்டல்லவா, ஒவ்வொன்றும் 100 நானோமீட்டர் அளவுக்கு இருக்கும், இங்கே 1 மில்லிமீட்டர். பருமனான ஊசியால் குத்தினால் சரியாக அதே அளவு. குத்திக்கொண்டே போனாள், நிறுத்த மனம் வரவில்லை.

வலைதான் வேலை வாங்கியது. அது தனியாக எங்கோ கிடக்கும் மடிப்பு அல்ல, உட்கரு உறையின் வெளிச்சவ்விலிருந்தே தொடர்ந்து வருவது. அதனால் உட்கருவின் பரப்பைக் கீறி, குழைத்த மண்ணைத் தடவி, மண் தகடுகளை அங்கிருந்தே இழுத்துக்கொண்டு போனோம். கல்லீரல் செல்லில் உள்ள மொத்தச் சவ்வில் பாதி இந்த வலையில்தான் இருக்கிறது, செல்லைச் சுற்றியுள்ள செல் சவ்வின் பங்கு 2 சதவீதம் போலத்தான் வரும். இதைப் படித்த பிறகு வலையை ஓரத்தில் ஒதுக்க எனக்குக் கை வரவில்லை. தகடுகள் மட்டும் அளவுக்கு மீறிய தடிமன், மண்ணில் அதற்குக் கீழே போக முடியாது.

ரைபோசோம்? 25 நானோமீட்டர், அதாவது கால் மில்லிமீட்டர். சலித்த பொடி மணலை ஈரத்தகட்டின் மேல் தூவி, விரலால் லேசாக அழுத்தினோம். சொரசொரப்பான எண்டோபிளாச வலை என்று ஏன் சொல்கிறார்கள் என்பது விரலுக்கே தெரிந்தது.

ஜூன் 10, புதன்

"அப்பா, புத்தகத்துல நாலஞ்சு மைட்டோகாண்ட்ரியாதான் போட்டிருக்கு?"

கல்லீரல் செல்லில் ஆயிரத்துக்கும் மேல் இருக்கும், செல்லின் கன அளவில் ஐந்தில் ஒரு பங்கு அதற்கே போய்விடும் என்றேன். அப்புறம் கேட்க வேண்டுமா, அவளும் தம்பியும் உருட்டத் தொடங்கினார்கள். அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதல் பருமன், 2 செ.மீ. நீளம், சில வளைந்தவை, சில நீண்டவை. அத்தனையும் வைத்தால் உள்ளே எதுவும் தெரியாது, கண்ணுக்கு நெருக்கம் தெரியும் அளவுக்கு வைத்துவிட்டு நிறுத்திக்கொண்டோம். இரண்டை மட்டும் நீளவாக்கில் பிளந்து, கிரிஸ்டே எனும் உள்சவ்வு மடிப்புகளைக் குண்டூசி நுனியால் கீறினேன். அந்த மடிப்புகளில்தான் செல்லுக்கு ஆற்றல் தரும் மூலக்கூறான ஏடிபி உருவாகிறது, அதைக் காட்டாமல் வெறும் அவரை விதை மாதிரி விட்டுவிட்டால் என்ன பயன்.

செல் பிரியும்போது உதவும் குட்டிக் குழாய்களான சென்ட்ரியோல் இரண்டும் உட்கருவுக்குப் பக்கத்தில், ஒன்றுக்கொன்று செங்குத்தாக. 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. பருமன்.

ஜூன் 13, சனி

நன்றாகக் காய்ந்துவிட்டது. வெளியே காகிதமும் ஒட்டியாயிற்று. இனி வண்ணம். உண்மையில் இந்த உறுப்புகளுக்கு மாதிரிகளில் தீட்டுகிற பளிச்சென்ற நிறமெல்லாம் கிடையாது, அதனால் நிறத்தை உறவு காட்டப் பயன்படுத்தலாம் என்று யோசித்தோம். உட்கரு உறைக்கும் வலைக்கும் ஒரே நீலம். வலையிலிருந்து புரதம் சிறு பைகளில், அதைப் பக்குவப்படுத்தி அனுப்பும் கோல்கை உறுப்புக்குப் போவதால், பைகளுக்கும் கோல்கைக்கும் வெளிர்நீலம், அங்கிருந்து பிறக்கும், கழிவைச் செரிக்கும் பையான லைசோசோமுக்கு அதைவிட வெளிர். மைட்டோகாண்ட்ரியாவுக்கு மட்டும் சிவப்பு. அது ஒரு காலத்தில் தனியாக வாழ்ந்த பாக்டீரியாவின் வழி வந்தது, இன்றும் தனக்கென டிஎன்ஏ வைத்திருக்கிறது, அந்த வரிசையில் சேராது.

லேபிள்களை மகளே எழுதினாள். முதல் லேபிள் எந்த உறுப்புக்கும் இல்லை: "1 செ.மீ. = 1 மைக்ரோமீட்டர்."