பூஞ்சை ஓடிய மாங்கட்டைப் பேனா: நாலாவது கட்டை நின்றது

நேற்று ராத்திரி லேத்தில் கடைந்த பேனாவின் மேல் பாதி உடையாமல் வந்துவிட்டது. இதற்கு முன் மூன்று கட்டைகள் போயின. அதனால் அந்தச் சின்ன உருளையைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விறகுக் கடையில் பொறுக்கிய மாங்கட்டை. வெளிர் மரத்தில் பூஞ்சை ஓடி, மை இழுத்த மாதிரி கறுப்புக் கோடுகள். கோடு கெட்டி, நடுவில் இருக்கும் வெள்ளை, நகம் பட்டாலே பள்ளம் விழும்.

முதல் இரண்டும் துளை போடும்போதே போயின. 7 மி.மீ. ட்ரில் மறுமுனையில் வெளியே வரும் நொடியில் ஓரம் பிளந்துகொள்கிறது. இப்போது கட்டையை 12 மி.மீ. கூடுதல் நீளமாக அறுக்கிறேன். துளைக்குள் ஒட்டும் பித்தளைக் குழாயின் நீளத்தைத் தாண்டி 5 மி.மீ. போனதும் ட்ரில்லை எடுத்துவிட்டு, மூடியிருக்கும் முனையை ரம்பத்தால் அறுத்துவிடுகிறேன். ட்ரில் வெளியே வருவதே இல்லை, அப்புறம் எங்கே பிளக்கும்? நடுநடுவே வெளியே இழுத்துத் தூளைத் தட்டிவிட வேண்டும். தூள் அடைத்தால் சூடேறி விரிசல் விடும்.

மூன்றாவதை உளி பிய்த்துவிட்டது. அதன் பிறகுதான் பசை ஊட்ட ஆரம்பித்தேன். தண்ணீர் போல ஓடும் சூப்பர் க்ளூதான் வேண்டும், கெட்டியானது மேலேயே நின்றுவிடும். கட்டை உருண்டை ஆனதும் லேத்தை நிறுத்தி ஒரு சுற்று. பிறகு ஒவ்வொரு மில்லிமீட்டர் குறையும்போதும் ஒரு சுற்று, கூடவே உளியையும் தீட்டிக்கொள்ள வேண்டும். வெள்ளைப் பகுதி பசையைக் குடிப்பது கண்ணுக்கே தெரியும், மழை பட்ட சுண்ணாம்புச் சுவர் மாதிரி கருக்கும். சீக்கிரம் காய ஸ்ப்ரே அடித்தால் நுரைத்து வெளுத்துவிடுகிறது. தானாகக் காயட்டும். முகமூடி கட்டாயம்: பசைப் புகை கண்ணைக் கரிக்கும், பூஞ்சைத் தூள் நெஞ்சுக்கு ஆகாது.

முனையில் அளவு காட்டும் உலோக வளையமான புஷ் பக்கத்தில் மரம் ஒரு மில்லிமீட்டர்கூட மிஞ்சாது. வெளிர் மரமாக இருந்தால் உள்ளே பித்தளை மினுங்கும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே குழாய்க்குக் கறுப்பு பெயிண்ட் அடித்துவிட்டேன்.

அடுத்து வெட்பாலை தேடுகிறேன். கர்நாடகத்துச் சன்னபட்டணா பொம்மைக்காரர்கள் கடைகிற மரம். சுழலும் மரத்தில் அரக்குக் குச்சியை அழுத்தினால் உரசும் சூட்டிலேயே உருகி நிறம் ஏறிவிடும். அதைப் பேனாவில் செய்து பார்க்க வேண்டும். யாரிடமாவது காய்ந்த வெட்பாலைத் துண்டு இருந்தால் சொல்லுங்கள், விலை கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.

கீழ்ப் பாதி இன்னும் மேண்ட்ரலில்தான், அதாவது லேத்தில் கட்டையைக் கோக்கும் கம்பியில்தான் இருக்கிறது, இரண்டாவது சுற்றுப் பசை காய்கிறது. மேல் பாதியில் சாய்வாக இறங்கும் ஒரு கோடு இதிலும் தொடர்கிறது. இரண்டையும் சேர்க்கும்போது அந்தக் கோடு ஒட்டி வரவேண்டும் என்பதற்காக மூட்டுப் பக்கத்தில் பென்சிலால் குறி போட்டு வைத்திருக்கிறேன்.